கப்பலுக்காகக் காய்ந்த தக்காளி

எங்கள் குசினி அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருக்கிறது. அதன் மூடியில் இரட்டைக் குதிரை பூட்டிய வண்டி ஒன்றின் படம் இருந்தது. இப்போது ஒரு குதிரையின் கால்களும் ஒரு சக்கரமும்தான் மிச்சம். அதைப் பார்க்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதற்குள் இருந்த தக்காளி அல்ல, அதைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு கை. அறை வாசலில் தொங்கிய சீலைத் திரைக்கு அடியால் அந்தக் கை வெளியே வந்தது. தகரத்தைச் சிமெந்துத் தரையில் கிறீச்சிட என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டது. "கப்பலுக்குரிய தக்காளி இதுக்குள்ள இரிக்கி. நனையாமப் பாத்துக்கச் சொல்லு புள்ள" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் என் மனைவியிடம் சொன்னது. மனைவி அந்த நேரம் வளவின் கோடியில் கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் நானும் அந்தக் குரலும்தான் இருந்தோம்.

அந்தக் கையும் குரலும் என் மாமியுடையவை. என் மனைவியின் உம்மா. ஐம்பதுகளின் பின்பாதி அது. நான் நிந்தவூரில் பிறந்து, கல்முனையில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை பார்த்து, கல்முனைக்குடியில் பெண்ணெடுத்தவன். எங்கள் பக்கத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டில் வந்து குடியேற வேண்டும். வீடு மாமியுடையது, கிணறு மாமியுடையது, நான் படுத்த கட்டிலும் மாமி செய்வித்தது. ஆனால் அந்த வீட்டுக்காரியின் முகத்தை நான் கண்டதில்லை. மருமகன் முன்னால் மாமி வரமாட்டார், நேரே பார்த்துக் கதைக்கமாட்டார், அதுதான் மரியாதை. சோற்றையும் ஆணத்தையும் பாயில் வைத்துவிட்டு அவர் அறைக்குள் போன பிறகு நான் வந்து உட்காருவேன். நான் இறைச்சியைத் தொடாவிட்டால் திரை அசையும். "மருமகனுக்கு இறைச்சி பிடிக்கல்லயா எண்டு கேளு புள்ள" என்று குரல் வரும். மனைவி எனக்கு முன்னால் இருந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு, என் காதிலும் விழுந்த அதே கேள்வியை எனக்கு மறுபடியும் சொல்லுவாள்.

மாமிக்குப் பயந்த சுபாவம். அடுப்பை அணைத்துவிட்டு வந்து படுத்தபின் மறுபடி எழும்பிப் போய்ப் பார்ப்பார். கிணற்றுக்கு மூடி போட்டாயா, வேலிக் கடப்பைக் கட்டினாயா, முட்டையிடும் கோழி கூட்டுக்குள் வந்துவிட்டதா என்று மகளைக் கேட்டுக்கொண்டே இருப்பார். நானும் லேசுப்பட்டவன் இல்லை. கந்தோரைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்த பிறகு பூட்டினேனா என்று சந்தேகம் வந்து சைக்கிளைத் திருப்பியவன். மாமி உள்ளே இருந்து கவலைப்படுவார், நான் வெளியே இருந்து கவலைப்படுவேன், இரண்டு கவலைக்கும் நடுவில் என் மனைவி நிம்மதியாகத் தூங்குவாள். அவளுடைய பங்குக் கவலையையும் சேர்த்து நாங்கள் இருவருமே பட்டுவிட்டோம் என்று நினைக்கிறேன்.

மாமாவை நான் கண்டதில்லை. ஹஜ்ஜுக்குப் போக வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே போகாமல் மௌத்தாகிவிட்டவர் அவர். அந்த ஆசை மாமியிடம் தங்கிவிட்டது. ஆனால் ஒரு பெண் தனியாகப் போக முடியாது. புருஷனோடு போக வேண்டும், அல்லது மார்க்கப்படி ஒருபோதும் அவளைக் கல்யாணம் முடிக்க முடியாத உறவுக்கார ஆணோடு போக வேண்டும். மஹ்ரம் என்போம். மாமிக்கு ஆண்பிள்ளையும் இல்லை, கூடப்பிறந்த ஆணும் இல்லை. இப்படியே ஆசை ஆசையாகவே கிடந்தபோது பள்ளிவாசல் ஆலிம் ஒரு செய்தி சொல்லியனுப்பினார். மகளைக் கட்டியவனும் மஹ்ரம்தான், அவன் மகன் மாதிரி, அவனோடு தாராளமாகப் போகலாம் என்று.

மனைவிதான் வந்து இதை என்னிடம் சொன்னாள். மார்க்கம் எங்களைத் தாயும் மகனும் என்று சொல்லுகிறது. ஊர் வழக்கமோ எங்களுக்கு நடுவில் சீலையைத் தொங்கவிட்டிருக்கிறது. ஒரு கை, ஒரு குரல், சில நேரம் ஒரு சேலைக் கரை, இவ்வளவுதான் நான் கண்ட மாமி. அவரோடு மாதக்கணக்கில் ரயிலிலும் கப்பலிலும் மக்காவிலும் எப்படிப் போய்வருவது? தாகமென்றால் எப்படிச் சொல்லுவார்? நோய் வருத்தமென்றால் யார் எனக்குச் சொல்லுவார்கள்? மனைவி அப்போது பிள்ளைத்தாய்ச்சி, வர முடியாது. திரைக்குப் பின்னாலும் அதே கலக்கம் இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு வைத்த ஆணத்தில் மாமி மிளகாய்த்தூள் போட மறந்துவிட்டிருந்தார்.

முந்தின வருஷம் போய்வந்த அடுத்த தெரு ஹாஜியார் ஒருவர் பயணத்தைப் பற்றிச் சொல்ல வந்தார். தலைமன்னாரால் கடந்து, இந்தியாவில் பம்பாய் வரைக்கும் ரயில், அங்கிருந்து கப்பல் என்று விளக்கினார். கப்பலில் சாப்பாடு தருவார்கள், ஆனால் பருப்பும் ரொட்டியும்தான், புளிப்பு என்று ஒன்றைக் கண்ணால் காண முடியாது, அரைவாசிப் பேர் கப்பல் ஆட்டத்தில் குடல் வெளியே வரச் சத்தியெடுத்தே கிடப்பார்கள் என்றார். போகிற போக்கில் இன்னொன்றையும் சொன்னார். கடலில் யாராவது மௌத்தானால் குளிப்பாட்டித் தொழுவித்துக் கடலிலேயே இறக்கிவிடுவார்களாம். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரை அசையவே இல்லை.

அன்றிலிருந்து மாமிக்கு இரண்டு பயம். ஒன்று கடலில் இறக்கப்படுவது. "கபுறு இல்லாம, ஒரு பிடி மண் இல்லாம, மீனுக்கா போடுற" என்று மகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். மற்றது, அதற்குக் காரணமாக வரக்கூடிய பட்டினி. மாமிக்குப் புளிப்பு இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது. புளியைத் தொட்டால் மூட்டு வீங்கும், தேசிக்காய், அதாவது எலுமிச்சை, வாயைப் புண்ணாக்கும். தக்காளி ஒன்றுதான் அவருக்கு ஒத்துவந்த புளிப்பு. தக்காளிப் புளியாணம் இருந்தால் இரண்டு கோப்பை குடிப்பார். ஆகவே சாப்பிட முடியாமல் போய், மெலிந்து, கப்பலிலேயே மௌத்தாகி, கடலில் இறக்கப்படுவது வரைக்கும் அவர் மனதில் ஒரே கோடாகப் போட்டுவிட்டார். அந்தக் கோட்டை எங்கே வெட்டலாம் என்று யோசித்ததில்தான் தக்காளியைக் காயவைக்கும் எண்ணம் வந்தது. மீனைக் காயவைக்கிற ஊரில் தக்காளியைக் காயவைத்தவர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை.

தக்காளி மலிந்து கிடந்த காலமும் நோன்பு மாதமும் அந்த வருஷம் ஒன்றாகவே வந்தன. பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து தோட்டக்காரி ஒருத்தி தலையில் கூடையோடு வந்து குசினிப் பக்கமாக இறக்கிவைப்பாள். கல்லுப்போல இறுகினதும் வேண்டாம், கனிந்து நீர்விட்டதும் வேண்டாம், சிவந்து சதைப்பிடிப்பாக இருப்பது வேண்டும் என்று மாமி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார். இரண்டாகப் பிளந்து, விதையை விரலால் வழித்து, வெட்டின பக்கம் மேலே வரப் பன்பாயில் பரப்பி, உப்புத் தூவி, மேலே பழைய, மெல்லிய வாயில் துணிச் சேலையை இழுத்துக் கட்டுவார். காகத்துக்கும் ஈக்கும் அது போதும். கடற்கரை மணலுக்குத்தான் ஒரு பரிகாரமும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து கடல் தூரமில்லை. மத்தியானக் காற்று எழும்பினால் பொடிமணல் சேலையின் கண்ணுக்குள்ளாலும் வந்து ஈரத் தக்காளியில் ஒட்டிக்கொள்ளும். பாயை வேலியோரம் வைத்துப் பார்த்தார், கோழிக்கூட்டின் மேல் வைத்துப் பார்த்தார், கடைசியில் நான்கு கம்பு நட்டுப் பரண் மாதிரிக் கட்டுவித்தார். கட்டினது நான்தான். இன்னும் கொஞ்சம் உயரம் என்றும், கம்பு ஆடுகிறது என்றும் குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து மனைவி வழியாக எனக்குக் கட்டளை வந்துகொண்டே இருந்தது.

மணலைவிடப் பெரிய தலையிடி உப்பு. உப்புக் குறைந்தால் பூசணம் பிடிக்கும், கூடினால் வாயில் வைக்க முடியாது. வேறு காலமென்றால் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிடலாம். நோன்பு நாளில் பகலில் அது முடியாது. நோன்பு திறந்த பிறகாவது பார்க்கலாமே என்று மனைவி சொன்னாள். மாமி சம்மதிக்கவில்லை. கந்தூரி விருந்துச் சோற்றைப் பாத்திஹா ஓதுமுன் யாரும் ருசி பார்ப்பதில்லை அல்லவா? அந்த மாதிரி, இது ஹஜ்ஜுக்கென்று நிய்யத்து வைத்த சாமான், கப்பலில் ஏறுமுன் வீட்டு மனிதர் வாயில் வைக்கக் கூடாது என்று தானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். எந்த ஆலிமும் சொல்லாத சட்டம் அது. எனக்கென்ன நோன்பா, தாருங்கள் நான் பார்த்துச் சொல்லுகிறேன் என்று தோட்டக்காரி சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். மாமி ஒரு துண்டை எடுத்துக் கொடுக்கப் போய், மனம் கேளாமல் திரும்பவும் பாயிலேயே வைத்துவிட்டாராம். இப்படியாக அந்தத் தக்காளியின் உப்பு எவ்வளவு என்பது படைத்தவனுக்கு மட்டும் தெரிந்த விஷயமாகிவிட்டது.

ஒரு நாள் பின்னேரம், அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, பருவமில்லாத மழை ஒன்று வந்தது. நான் கந்தோரிலிருந்து சைக்கிளை மிதித்துக் கடப்புக்குள் நுழைகிறேன், மேற்கே வயல் பக்கமாக வானம் கறுத்துக்கொண்டு வந்து பெரிய துளிகள் விழத் தொடங்கிவிட்டன. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். குசினிக் கதவு படாரென்று திறந்து ஒரு பெண் வளவுக்குள் ஓடினாள். முக்காடு தோளில் விழுந்து கிடந்தது. பரணில் இருந்த பாயின் ஒரு தலைப்பைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். தனியாகத் தூக்கினால் அத்தனையும் நடுவில் உருண்டு மணலில் கொட்டுப்படும். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி மற்றத் தலைப்பைப் பிடித்தேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தோம். மாமியை நான் வயதானவர் என்றே நினைத்திருந்தேன். தலையில் ஒரு நரை இல்லை. என் கூடப்பிறந்த மூத்த ராத்தாவின் வயதுதான் இருக்கும். கண்கள் மட்டும் குருவிக் குஞ்சின் கண்கள் மாதிரி இங்குமங்கும் அலைந்தன. முகத்தை மூடக் கையை எடுத்தால் தக்காளி போய்விடும். அவர் கையை எடுக்கவில்லை. இருவரும் பாயை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் குசினி வரைக்கும் பக்கவாட்டாக நடந்தோம். பாயை இறக்கிவைத்ததும் அவரைக் காணவில்லை. அதற்குப் பிறகு பல நாட்களுக்குத் திரைக்கு வெளியே அந்தக் கைகூட வரவில்லை, குரலும் குறைந்துவிட்டது.

அந்த மழையில் தக்காளி கொஞ்சம் நனைந்தது. மழைத் தண்ணீர் உப்பைக் கழுவியிருக்கும் என்று மாமி மறுபடியும் உப்புத் தூவினார். அது தெரியாமல் மனைவியும் பயந்து ஒருமுறை தூவினாள். பிறகு வெயில் நன்றாக எரித்தது. தக்காளி சுருங்கித் தோல்போலாகி, கறுத்த சிவப்பில் விளிம்பு மடிந்து, கையில் எடுத்தால் சலசலத்தது. வெயில் சாயுமுன், கடல் ஈரம் இறங்குமுன், ஒவ்வொரு நாளும் உள்ளே எடுத்து, மறுநாள் மறுபடி பரப்பி, கடைசியில் மாமி அவற்றைத் தகரத்தில் அடுக்கி, மூடியைச் சுற்றி மெழுகு தோய்த்த சீலைத் துண்டால் இறுக்கிக் கட்டினார். அதைத்தான் திரைக்கு அடியால் என்னிடம் தள்ளிவிட்டார்.

புறப்பட்ட அன்று மனைவி அழவில்லை. எனக்கு மட்டும் கேட்கும்படி, "உம்மாவக் கொண்டுவந்து சேருங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

ரயிலில் ஒரு புதுவிதமான பேச்சுக்கு நாங்கள் பழகினோம். மாமி கறுப்பு முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டு, மடியில் தகரத்தை வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி, இந்தப் பக்கம் தண்ணீர் கிடைக்குமோ தெரியாது என்பார். நானும் எதிர் ஜன்னலைப் பார்த்து, அடுத்த ஸ்டேஷனில் கிடைக்கும்போல என்பேன். கேள்வியும் பதிலும் ஜன்னலுக்கு வெளியே எங்கோ சந்தித்துக்கொள்ளும். இப்படியே பம்பாய் வந்து சேர்ந்தோம். கப்பலில் கீழ்த்தட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் பாய்விரித்துக் கிடந்தார்கள். எங்களுக்குக் கிடைத்த இடத்தில் மாமி முதல் வேலையாக ஒரு கயிற்றைக் கட்டி, வீட்டிலிருந்து கொண்டுவந்த சீலையைத் தொங்கவிட்டார். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

கரை மறைந்ததுமே கப்பல் ஆடத் தொடங்கியது. மாமிக்கு நான் கொண்டுபோய் வைக்கும் சாப்பாட்டுத் தட்டு தொடாமலே சீலைக்கு அடியால் திரும்பி வந்தது. கேட்க எனக்கு வாய் வரவில்லை, யாரிடம் கேட்பது? சீலையைப் பார்த்து, சாப்பாடு அப்படியே இருக்கிறதே என்றேன். அடுத்த பாயில் இருந்த மலையாளத்து உம்மா ஒருவர்தான் சீலைக்குள் எட்டிப்பார்த்துவிட்டு வந்து, அவர் வெறும் தண்ணீரையும் சத்தியெடுத்துக்கொண்டு சுருண்டு கிடப்பதாகச் சொன்னார். தகரத்தைத் திறந்து கொடுக்கட்டுமா என்று மாமியிடம் கேட்டுவர அவரையே அனுப்பினேன். பயணம் முடியும் வரைக்கும் காண வேண்டும், போதாமல் போகக் கூடாது, இப்போதே திறக்க வேண்டாம் என்று பதில் வந்தது. மாமியின் பயம் அப்படிப்பட்டது. நாளைக்கு இல்லாமல் போய்விடுமோ என்று இன்றைக்குப் பட்டினி கிடந்தார்.

அப்போதுதான் ஒரு வயோதிப ஹாஜி கப்பலில் மௌத்தானார். மேல்தட்டில் ஜனாஸாத் தொழுகை நடந்தது, நானும் நின்றேன். வெள்ளைக் கபனில் சுற்றி, பாரம் கட்டி, பலகையைச் சரித்தார்கள். அதிகம் சத்தம்கூட வரவில்லை. கப்பல் அந்த நேரம் வேகத்தைக் குறைத்திருந்தது. இயந்திரத்தின் இரைச்சல் மாறினதைக் கீழ்த்தட்டில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். நான் இறங்கி வந்தபோது எங்கள் சீலை விலகியிருந்தது. மாமி முக்காடு போடாமல் எழும்பி உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, மழையில் நான் கண்ட அந்த முகமா இது என்றிருந்தது. அவர் ஜன்னலையோ சீலையையோ பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்த்தார்.

"மகன், என்னக் கடல்ல போட உடாதீங்க."

அதுதான் அவர் என்னிடம் நேரே கதைத்த முதல் சொல். "உடமாட்டன் மாமி" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்த வாக்கைக் காப்பாற்ற என்னிடம் ஒரு வழியும் இல்லை. கிளாக்கர் ஒருவன் கப்பல் கப்டனிடம் போய் என்ன சொல்ல முடியும்? மாமி சாகாமல் இருந்தால்தான் உண்டு. அவருடைய சம்மதத்தைக் கேட்காமலே தகரத்தை எடுத்துச் சீலைக்கட்டைப் பிரித்தேன். கைநிறையத் தக்காளியை அள்ளிக்கொண்டு கப்பல் குசினிக்கு ஓடிக் கெஞ்சிச் சுடுதண்ணீரும் கொஞ்சம் சோற்றுக் கஞ்சியும் வாங்கினேன். தக்காளி தண்ணீரில் ஊறி மெல்ல மெல்லச் சிவப்பாக விரிந்தது. அதைப் பிசைந்து கஞ்சியில் கரைத்தேன். அந்தப் புளிப்பு மணம் எழும்பியதும் எங்கள் வீட்டு வளவில் நிற்பதுபோல் இருந்தது எனக்கு.

கோப்பையை மாமியின் கையில் கொடுத்தேன். அவரால் பிடிக்க முடியவில்லை, நானே பிடித்தேன். ஒரு மிடறு விழுங்கினார். விழுங்கினது தங்குமா என்று நான் பார்த்திருந்தேன். மாமியின் முகம் சுருங்கிக் கோணியது. சத்தியெடுக்கப் போகிறார் என்று பாத்திரத்தை எடுக்கக் குனிந்தேன்.

"உப்புக் கூடிப் போச்சு மகன்" என்றார்.

நானும் ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். கடல் தண்ணீரே மேல். நான் முகத்தைச் சுளித்ததைக் கண்டு மாமி சிரித்தார், வெடித்த உதடு நோக நோகச் சிரித்தார். நானும் சிரித்தேன், சிரிப்போடு அழுகையும் வந்தது. உப்பைப் பற்றிக் குறை சொல்லுகிற ஆள் இன்றைக்குச் சாகமாட்டார் என்று என் மனம் சொல்லியது. பிறகு இருவரும் உட்கார்ந்து அந்த உப்புக்குக் காரணம் தேடினோம். வெட்டும்போது ஒருமுறை, காற்று நாளில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை தான் போட்டதாக அவர் ஒத்துக்கொண்டார். உங்கள் மகளும் போட்டாள் என்று நான் சொன்னேன். எங்கள் முதல் பேச்சு இதுதான். அன்றிலிருந்து தக்காளியை இரண்டு தண்ணீரில் கழுவி ஊறவைத்துக் கஞ்சியில் போட்டேன். மாமி தினமும் குடித்தார். சீலை ஒருபக்கமாக ஒதுங்கியே கிடந்தது.

அவர் ஜித்தாவில் தன் காலால் நடந்து இறங்கினார். மக்காவின் நெரிசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மாமாவைப் பற்றி, சின்ன வயதில் மரித்த ஒரு பிள்ளையைப் பற்றி, நான் வீட்டுக்கு வந்த முதல் நாள் தனக்கிருந்த பயத்தைப் பற்றியெல்லாம் கதைத்தார். என் உம்மாவும் என்னோடு இவ்வளவு கதைத்ததில்லை. திரும்பிவரும் கப்பலிலும் பயம் விடவில்லை, ஆனால் அந்தப் பயத்தை இப்போது என்னிடமே சொன்னார்.

கல்முனைக்குடியில் வீட்டுக் கடப்பில் வந்து இறங்கினோம். ஊரே வந்து கையைப் பிடித்துத் துஆக் கேட்டது. மாமி மகளைக் கட்டிப்பிடித்து, வயிற்றைத் தடவிப் பார்த்து, உள்ளே போனார். சனம் கலைந்த பிறகு நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மருமகனுக்குக் குளிக்கத் தண்ணீர் அள்ளி வைக்கும்படி மகளிடம் சொல்லியது. அவர் செய்ததில் பிழையில்லை, வீட்டுக்கு வீட்டு வழக்கம். ஆனாலும் அன்று எனக்கு மனம் நொந்தது, இன்று நினைத்தாலும் நோகிறது.

மாமி கடைசிவரைக்கும் திரைக்கு வெளியே வரவில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் தக்காளி மலியும்போது காயவைத்தார், அதே பரணில், அதே அளவுக்குமீறிய உப்பில். இப்போது நோன்பும் இல்லை, நிய்யத்தும் இல்லை, வேண்டுமென்றேதான் போட்டார். முதல் புளியாணம் வைத்த அன்று திரை அசையும். உப்புக் காணுமா, போதுமா என்று மருமகனைக் கேட்கும்படி மகளுக்கு உத்தரவு வரும். கூடிப்போய்விட்டது என்று சொல் என்பேன் நான். திரைக்குப் பின்னால் ஒரு சின்னச் சிரிப்புக் கேட்கும். கப்பலில் பிறந்த எங்கள் பேச்சில் வீட்டுக்குள் மிஞ்சியது அவ்வளவுதான். என் மகள் வளர்ந்து, இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்குமளவுக்கு அது பல வருஷம் நடந்தது.

அவர் தன் வீட்டில், தன் கட்டிலில் மௌத்தானார். கடற்கரைக்குக் கிட்டிய மையவாடியில் கபுறு வெட்டினார்கள். மரித்த பெண்ணின் மையத்தைக் கபுறுக்குள் இறங்கி வாங்க மஹ்ரமான ஆண்தான் வேண்டும். நான் இறங்கி இரண்டு கையாலும் வாங்கினேன். மேலே வந்து எல்லோரோடும் சேர்ந்து மூன்று பிடி மண் போட்டேன். கடலின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. கடலில் போட விடமாட்டேன் என்ற வாக்கை நிறைவேற்றிவிட்டேன் என்று அன்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பாரம் இறங்கினமாதிரி இருந்தது.

பிறகு, நானும் கிழவனான காலத்தில், ஒரு மார்கழிக் காலையில் கடல் ஊருக்குள் வந்தது. அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. நானும் மனைவியும் ஓடித் தப்பினோம். எங்கள் தெருவில் பலர் தப்பவில்லை. முதல்நாள் வரை உயிரோடிருந்த பிள்ளைகளையே தேடித் திரிந்தவர்கள் நடுவில், பழைய கபுறு ஒன்றைப் பற்றி யாரிடம் வாய் திறப்பது? வெட்கமாக இருந்தது. ஆனாலும் அகதிகளாகப் படுத்திருந்த பள்ளிக்கூடத்தில் எனக்குக் கண்மூடினால் அந்தக் கப்பல்தான் வந்தது, பலகை சரிவதுதான் வந்தது. மனைவிதான் கடைசியில் சொன்னாள், போய் உம்மாவின் கபுறைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

மையவாடியின் மதில் இல்லை. கபுறுகளின் தலைமாட்டில் நட்டிருந்த மீசான் கட்டைகள் ஒன்றும் இல்லை. எங்கும் ஒரேமட்டமாக மணல். எது யாருடைய கபுறு என்று படைத்தவன்தான் சொல்ல வேண்டும். மண்வெட்டியோடு நின்ற பள்ளிவாசல் பொடியன் ஒருவனிடம், கடல் எல்லாவற்றையும் தோண்டிக்கொண்டு போய்விட்டதா என்று கேட்டேன்.

"இல்ல ஹாஜியார். ஒண்டையும் எடுக்கல்ல. மேல மண்ணத்தான் போட்டிட்டுப் போயிரிக்கி" என்றான்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் சொன்னது சரிதான். பழைய மண்ணின் மேல் முழங்கால் உயரத்துக்குப் புது மணல் கிடந்தது. எல்லோரையும் போலக் கடலும் வந்து தன் பங்குக்கு மாமிக்கு மண் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஒரு பிடி மண் இல்லாமல் போய்விடுமே என்று பயந்தவருக்கு இவ்வளவு மண்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி, மனைவியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சுவர்கள் நின்றன. குசினிச் சாமான்கள் வளவெங்கும் சேற்றில் கிடந்தன. பிஸ்கட் தகரம் முருங்கைமரத்தின் கவட்டில் இறுகியிருந்தது. மாமிக்குப் பிறகும் எங்கள் வீட்டில் வருஷாவருஷம் தக்காளி காய்ந்தது. அந்த வருஷத்துத் தக்காளியில் கடைசிக் கொஞ்சத்தை மனைவி, உம்மா கட்டுவதுபோலவே மெழுகுச் சீலையால் கட்டி அதில் வைத்திருந்தாள். அவிழ்த்துத் திறந்தோம். உள்ளே ஈரமில்லை. அவள் ஒரு துண்டை எடுத்து எனக்குத் தந்தாள். வாயில் போட்டேன்.

"உப்புக் கூடிப் போச்சு" என்றேன்.

சொல்லிவிட்டு என்னையறியாமல் அறை வாசலைத் திரும்பிப் பார்த்தேன். மாமி போன பிறகும் மனைவி எடுக்காமல் விட்டிருந்த அந்தத் திரை அங்கே இல்லை. அதைத்தான் கடல் கொண்டுபோயிருந்தது.